அரைப்பேர்

ஹட்டனில், பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடி.
பாண் வேகும் வாசனைக்குள்தான் எங்கள் சேர்வர்.
ஒன்பது தோட்டங்களின் கொழுந்துக் கணக்கு
அந்தக் கறுப்புப் பெட்டியில்.

சந்தனமேரி வந்தபோது மழை பிடித்திருந்தது.
தோட்ட நம்பர் நானூற்றுப் பதினேழு.
குடையை வாசலில் சாத்திவிட்டு
நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னாள்:
"ஒங்க கம்ப்யூட்டரு மூணு வாரமா
எனக்கு அரைப்பேரு போடுது."

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது
என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
சொல்லாமல், திரையைத் திறந்து
மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போனேன்.

எங்கோ ஒரு பொத்தான் அழுந்தும்போது
பக்கம் பிறக்கிறது.
முதலில் உறுப்புகள்: பெட்டி, பட்டியல், பொத்தான்.
எல்லாம் இருக்கும், ஒன்றுக்குள்ளும் ஒன்றுமிருக்காது.
பிறகு, போன பிறவியில் தான் என்னவாக இருந்தோமென்று
வந்த பொதியின் மடிப்பிலிருந்து வாசித்துக்கொள்ளும்.
அப்புறம்தான் ரொஷாந்த் தட்டிய எண்.
தூரமலையின் பிந்திய நிறுவையோடு சேர்த்து, இருபத்தொன்று.
பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தது அது,
சரியாக.

அடுத்தது ஏற்றும் கட்டம்.
அங்கே நான் இருக்கிறேன்.
பங்குனியில், கரண்ட் போய்ப் போய் வந்த ஓர் இரவில்
எழுதிய நாலு வரி:
களஞ்சியத்துக்குப் போ,
இருக்கிற கணக்கை எடு,
கொண்டுவந்து பெட்டிகளில் போடு,
போ.

களஞ்சியத்தில் இருந்தது காலை நிறுவை மட்டும். ஒன்பது கிலோ.
போட்டது.
இருபத்தொன்றின் தலையில் ஒன்பது.
பொத்தானின் முறை அதற்குப் பிறகுதான் வரும்.
வந்தது, பார்த்தது, ஒன்பது கண்டது,
ஒன்பதையே பத்திரமாகச் சேமித்தது.
'சேமிக்கப்பட்டது' என்று பச்சையில் எழுதித் தந்துவிட்டுப்
பக்கம் செத்துப்போனது.
ரொஷாந்த் பச்சையைப் பார்த்தான்.
எண்ணைப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி நான் கேட்காமல் விட்டது:
முதல் வரவா, திரும்பி வந்ததா?
டிக்கோயா ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுகிறவர்
தலை நிமிராமல் கேட்கிற கேள்வி.
திரும்பி வந்ததென்றால் பெட்டியில் கைவைக்காதே.
அவ்வளவுதான்.
எழுத எட்டு விநாடி ஆனது.

தூரமலையில் பதினொரு பேர்.
பதினெட்டுக் கிலோவுக்குக் கீழே அரைப்பேர்,
மேலே போனால் முழுப்பேரும் கைக்காசும்.
மனதுக்குள் பெருக்கிப் பார்த்து
இடையிலேயே நிறுத்திக்கொண்டேன்.

"இனிமே சரியா வருமா?"
"வரும்."
"போனது?"

அதற்கு ஒரு கட்டம் நான் எழுதியிருக்கவில்லை.
நுவன் உள்ளேயிருந்து சொன்னான்,
துரையின் கையெழுத்து வேண்டும்,
அடுத்த மாதம் பார்க்கலாம் என்று.

அவள் மடியிலிருந்து சீனிப் பை ஒன்றை எடுத்தாள்.
உள்ளே நிறுவைத் துண்டுகள். பத்தொன்பது.
சிலதில் மழை இறங்கி மை நீலமாய்ப் படர்ந்திருந்தது,
எண் மட்டும் இருந்தது.
பக்கத்துக்கு ஞாபகமில்லை.
இருக்கிற ஞாபகத்தையெல்லாம் பொட்டலம் கட்டி
வாங்குகிறவர் கையிலேயே கொடுத்தனுப்பும்,
திரும்பி வந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளும்.
நான் கேட்டிருக்கவில்லை.
அவளாகவே கொண்டுவந்திருந்தாள்.

"ஒன்னொன்னா போடுங்க, நான் பாக்குறேன்."

நுவனின் கதவைச் சாத்திவிட்டுத் தட்டத் தொடங்கினேன்.
இருபத்தொன்று. பத்தொன்பது. இருபத்துநாலரை.
பத்தொன்பது தரம் ஒரு பக்கம்
பிறந்து, நிரம்பி, தன்னை வரைந்து கொடுத்துவிட்டுச் செத்தது.
ஒவ்வொரு பச்சைக்கும் பிறகு
"திரும்பத் தொறங்க" என்றாள்.
திறந்தேன்.
திரையில் விரல் வைத்து எண்ணை வாசித்தாள்,
துண்டை மடித்தாள்,
அடுத்ததை நீட்டினாள்.

கடைசித் துண்டை மட்டும்
ரெண்டு தரம் திறக்கச் சொன்னாள்.